அம்மன் தாலியும் ஜிப் பெல்ட்டும்

காலை 8.10. கோவில்பட்டியில் விளாத்திகுளம் பஸ் ஏறும்போதே என் வலது கை இடுப்பில்தான் இருந்தது. சட்டைக்குள்ளே, வேட்டி முடிச்சை ஒட்டி, ஜிப் வைத்த துணி பெல்ட். பைக்கடையில் இருநூற்று எண்பது ரூபாய். வெளிநாடு போகிறவர்கள் பாஸ்போர்ட்டும் பணமும் வைத்துக் கட்டிக்கொள்வது என்றார் கடைக்காரர். நான் போனது நாகலாபுரம் பக்கம் எங்கள் குலசாமி கோயிலுக்கு. ஐம்பது கிலோமீட்டர் வரும். பெல்ட்டுக்குள் இருந்தது அம்மனுடைய தங்கப் பொட்டுத்தாலி.

அந்தத் தாலி வருஷத்துக்கு ஒரு பங்காளி வீட்டில் இருக்கும். பங்குனிக் கொடைத் திருவிழாவன்று மத்தியானம் பன்னிரண்டுக்குள் கோயிலில் சேர்க்க வேண்டும். அம்மன் கழுத்தில் தாலி ஏறிய பிறகுதான் பொங்கல் பானை அடுப்பில் ஏறும். போன வருஷம் என் சித்தப்பா மகன் அம்மனின் வெள்ளிக் கண்மலரை மஞ்சள் பையில் கொண்டுபோனான். பஸ் கூட்டத்தில் எவனோ பையில் பிளேடு போட்டுவிட்டான். கண்மலர் இல்லாத அம்மனைப் பார்த்துப் பெண்கள் அழுதார்கள். இந்த வருஷம் என் வீட்டு முறை. தீப்பெட்டி ஆபீசில் லீவு சொல்லி, குளித்து, விபூதி பூசி, பெல்ட்டைக் கட்டினேன். என் வீட்டுக்காரி இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் அனுப்பினாள்.

டிக்கெட் முப்பத்திரண்டு ரூபாய். பக்கத்து சீட்டில் ஒரு பாய், என் வயதுதான் இருக்கும். காலுக்கடியில் கைலி மூட்டை. ஊர் ஊராகக் கொண்டுபோய் விற்கிறாராம்.

8.45. எட்டயபுரம். பஸ் ஐந்து நிமிஷம் நின்றது, நான் இறங்கவில்லை. ஊர் தாண்டியதும் இரண்டு பக்கமும் அறுவடை முடிந்த கரிசல் வெடித்துக் கிடந்தது. ரோட்டோரம் மிளகாய் வத்தல் காயப்போட்டிருந்தார்கள். பஸ்ஸில் எல்லோரும் தும்மினோம். தும்மும்போதும் என் கை இடுப்பை விடவில்லை.

அதையே பார்த்துக்கொண்டிருந்த பாய் என் காதோரம் குனிந்தார். “தப்பா நினைக்காதீங்க அண்ணாச்சி. நிமிசத்துக்கு ஒருக்க கை அங்கன போவுது. களவாணிக்கு நீங்களே வழி காட்டுதீங்க.”

கையை எடுத்து மடியில் வைத்தேன். அது தானாகத் திரும்பிப் போனது.

அதற்குள் வேறு தொந்தரவு வந்துவிட்டது. எனக்குச் சர்க்கரை வியாதி, ஒன்றுக்கு முட்டியது. விளாத்திகுளத்தில் போய்க்கொள்ளலாம் என்று நினைத்தபோதுதான் புத்திக்கு உறைத்தது. அம்மன் தாலியை உடம்பில் கட்டிக்கொண்டு கக்கூசுக்குள் எப்படிப் போவது? அவிழ்த்து யாரிடம் கொடுப்பது? கண்மலர் போன கதை தெரிந்தவன் நான். ‘தாயே, கோயில் வரைக்கும் தாங்க வை’ என்று கும்பிட்டேன். பஸ் ஒவ்வொரு பள்ளத்திலும் விழுந்து எழுந்தது.

9.40. விளாத்திகுளம். நாகலாபுரம் பஸ் பத்து மணிக்கு. அதை விட்டால் பதினொன்றே கால். கட்டணக் கழிப்பிடத்து வாசலில் ஐந்து ரூபாயோடு நின்றேன். உள்ளே கால் வைக்க மனம் வரவில்லை. நான் நெளிவதைப் பார்த்துப் பாய் மூட்டையைப் பத்தடி தள்ளி இறக்கிவிட்டு வந்து என்னவென்று கேட்டார். வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் சிரிக்கவில்லை. தம் வெள்ளி மோதிரத்தைக் காட்டினார். அதில் அவர்கள் சாமி பெயர் பொறித்திருந்தது. “நாங்களும் இதக் கழட்டி வெளிய வச்சிட்டுத்தான் உள்ள போவோம். குடுங்க, நான் வச்சிருக்கேன். நீங்க வந்ததும் நான் போறேன்.”

பெல்ட்டை அவிழ்த்தேன். கொடுக்கும்போது விரல் சட்டென்று விடவில்லை. உள்ளே இருந்த இரண்டு நிமிஷமும் காது வெளியில்தான். வந்து பார்த்தால் பாய் விட்ட இடத்திலேயே நின்றார். பெல்ட்டை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்திருந்தார். பத்தடி தள்ளி ஓர் ஆடு அவருடைய மூட்டையில் ஒரு கைலியின் நுனியை இழுத்துத் தின்றுகொண்டிருந்தது. அவர் நகரவில்லை; வாயால் மட்டும் விரட்டிக்கொண்டிருந்தார்.

கை கால் கழுவி, பெல்ட்டைக் கட்டிக்கொண்டு மோதிரத்தை வாங்கினேன். பாய் உள்ளே போனார். உடனே நாகலாபுரம் பஸ் நகர்ந்தது. கண்டக்டர் என்னைப் பார்த்து விசிலடித்தார். உள்ளங்கையில் மோதிரம், காலடியில் அவர் இழுத்து வைத்துவிட்டுப் போன மூட்டை. பஸ் வளைவில் மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

வெளியே வந்த பாய்க்கு என்னைக் கண்டதும் ஆச்சரியம். “போகலையா? டீக்கடைல குடுத்துட்டுப் போயிருக்கலாம்லா?”

“டீக்கடைக்காரர் யாருன்னு எனக்குத் தெரியாதே.”

“என்னைய மட்டும் தெரியுமாக்கும்?” என்று மோதிரத்தை மாட்டினார். பதினொன்றே கால்வரை இரண்டு பேரும் பெஞ்சில் உட்கார்ந்து சர்க்கரை மாத்திரைகளைப் பற்றிப் பேசினோம். நான் மணியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

11.55. நாகலாபுரத்தில் இறங்கி, பருத்திக் காட்டு வழியே இரண்டு கிலோமீட்டர் ஓட்டமும் நடையுமாகப் போனேன். கோயிலில் மணி பன்னிரண்டு இருபது. பானைகள் எல்லாம் அடுப்புக்கு வெளியே. பூசாரி எனக்கு மாமா முறை, வாசலிலேயே நின்றார். தாமதத்துக்குக் காரணம் கேட்டார். அம்மனுக்கு முன்னால் பொய் வரவில்லை. சட்டையைத் தூக்கி பெல்ட்டை அவிழ்த்துக்கொண்டே, தாலி ஒரு பாய் கையில் இருந்ததைச் சொன்னேன்.

மாமாவின் கண் பெல்ட்டிலேயே இருந்தது. “ஏலே, ஆத்தா தாலிய இடுப்புலயா கட்டிட்டு வந்த?” தாலியை மஞ்சள் தண்ணீரில் மூன்று தடவை முக்கி எடுத்தார். “அந்த பாய் கையில இருந்த நேரந்தான் அவ நிம்மதியா மூச்சு விட்டிருப்பா” என்று முணுமுணுத்தபடி உள்ளே போனார். குலவைச் சத்தம் கேட்டது. பிறகுதான் நான் ஒரு வாய் தண்ணீர் குடித்தேன்.

மாலை 5.30. திரும்பவும் விளாத்திகுளம். பெல்ட்டில் ஒன்றுமில்லை, ஒரு பொட்டலம் திருநீறு தவிர. கழிப்பிடத்துக்கு ஐந்து ரூபாய் கொடுத்துவிட்டு நின்றேன். திருநீறும் அம்மன் கொடுத்ததுதானே? பெல்ட்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு, காலையில் பாயோடு உட்கார்ந்திருந்த பெஞ்சைத் திரும்பிப் பார்த்தேன்.