தம்பி கொடுத்த ஞானஸ்நானம்

என் தம்பி முதன்முதலில் ஞானஸ்நானம் கொடுத்தது பக்கத்து வீட்டுச் சீனத் தட்டாரின் பூனைக்கு. சூசை என்று பெயரும் வைத்தான். பூனை அவன் கையைப் பிறாண்டிவிட்டுக் கூரையேறிப் போய்விட்டது. அடுத்தபடியாக அம்மாவின் கோழிகள். ஒரு ஞாயிற்றுக்கிழமை குழம்புச் சட்டியைத் திறந்ததும், "இது அந்தோணியா, சவேரியாரா?" என்று கண்கலங்கிக் கேட்டான். அப்பா துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விட்டார்.

அவனைச் சொல்லிக் குற்றமில்லை. அந்த வருடம்தான் அவன் மாதா கோயிலில் ஞானோபதேச வகுப்புக்குப் போக ஆரம்பித்திருந்தான். உபதேசியார் சொல்லிக்கொடுத்த எத்தனையோ விஷயங்களில் ஒன்றே ஒன்றுதான் அவன் மனதில் ஒட்டிக்கொண்டது. சாகக் கிடக்கிறவர் பக்கத்தில் சாமியார் இல்லாவிட்டால் யார் வேண்டுமானாலும் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுத்துவிடலாம். கொடுக்காமல் விட்டால் அந்த ஆத்துமம் மோட்சத்தின் வாசலுக்கு வெளியிலேயே நின்றுவிடும். ஏழு வயதுப் பையனின் கையில் இப்படி ஓர் அதிகாரத்தைக் கொடுத்தால் அவன் சும்மா இருப்பானா?

நாங்கள் அப்போது பினாங்கில், கோயிலுக்குப் பின்புறச் சந்தில் குடியிருந்தோம். அப்பாவுக்குத் துறைமுகத்தில் கணக்கெழுதுகிற கிராணி வேலை. அப்பாவின் அக்கா, அதாவது எங்கள் அத்தை, சிறு வயதிலேயே கணவரை இழந்து எங்களோடு இருந்தார். அத்தை வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு சந்துக்குள் நுழைந்தால் பெண்கள் அவசரமாகக் கதவைச் சாத்துவார்கள். பயத்தினால் அல்ல. வீட்டில் கிழியாத பழந்துணி, உடையாத சிலேட்டு, பாதி மீந்த விளக்கெண்ணெய் எது கண்ணில் பட்டாலும் அத்தை அதைத் தோட்டப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய்விடுவார் என்பதால்.

அந்தப் பள்ளிக்கூடம் கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தது. எதிர்க்கரையில் பிறை என்ற ஊருக்குப் படகேறிப் போய், அங்கிருந்து மாட்டுவண்டியில் ரப்பர் மரங்களுக்கு நடுவே வெகுதூரம் போக வேண்டும். ஒருகாலத்தில் ரப்பர் தகடு அடுக்கிவைத்திருந்த கொட்டகை அது. சுவர் கிடையாது, தகட்டின் புளித்த வாடை மட்டும் போகவேயில்லை. கோயில் பெண்கள் சேர்ந்து சிலேட்டும் பலகையும் சட்டைத் துணியும் கொடுத்து அதை நடத்தினார்கள். தோட்டத்து வெள்ளைக்காரத் துரைக்கு அதில் பெரிய அக்கறை இல்லை. பிள்ளைகள் வரும்வரை நடத்திக்கொள்ளுங்கள், வராவிட்டால் கொட்டகை எனக்கு வேண்டும் என்று சொல்லியிருந்தார்.

பிள்ளைகளை அனுப்பத் தோட்டத்து ஜனங்கள் எளிதில் சம்மதிக்கவில்லை. வேதக்காரர்கள் எதற்குச் சும்மா சிலேட்டுக் கொடுக்கப் போகிறார்கள், எல்லாம் தலையில் தண்ணீர் ஊற்றத்தான் என்று தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்தில் பேச்சு. கடைசியில் அத்தை கங்காணியின் வாசலில் நின்று ஒரு வாக்குக் கொடுத்தார்: ஒரு பிள்ளையின் தலையிலும் ஒரு சொட்டுத் தண்ணீர் படாது. அதன் பிறகே பிள்ளைகள் வந்தார்கள். வாத்தியாராகக் கிடைத்தவரோ நெற்றி நிறையத் திருநீறு பூசுகிற சிவபக்தர். அவர் தேவாரம் பாடி வகுப்பைத் தொடங்கும்போது அத்தை வண்டியிலிருந்து சாமான் இறக்குவதில் மும்முரமாக இருப்பார்.

மாதம் ஒரு சனிக்கிழமை அத்தை அங்கே போவார். என்னையும் சில சமயம் கூட்டிப்போவார். அந்த முறை தம்பியும் அழுது அடம்பிடித்து வந்துவிட்டான்.

வெயில் ஏறிய நேரம். வாத்தியார் பெருக்கல் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார். என் பக்கத்தில் பொன்னி என்று ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். என் வயதுதான் இருக்கும். விடிகாலையில் அம்மாவோடு பால்மரம் வெட்டப் போய், மரத்துக்கு மரம் கோப்பை துடைத்துவிட்டு, அப்படியே பள்ளிக்கூடத்துக்கு ஓடி வந்தவள். அவள் எழுந்து நின்று ஏழாம் வாய்ப்பாடு சொல்லத் தொடங்கினாள். பாதியில் குரல் நின்றது. பிறகு, மடித்துவைத்த துணி சரிவதுபோல, சத்தமே இல்லாமல் தரையில் விழுந்தாள்.

அவள் முகம் வெளுத்துப்போயிருந்தது. கூப்பிட்டுப் பார்த்தும் அசைவில்லை. வாத்தியார் தோட்டத்து மருந்துக்காரரைக் கூட்டிவர வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். அத்தை மருந்துப் பெட்டியை எடுக்க வண்டிக்கு ஓடினார். நான் பொன்னியின் கையைப் பிடித்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

என் தம்பிக்கு என்ன செய்வதென்று தெரிந்திருந்தது.

தண்ணீர்ப் பானையிலிருந்து தகரக் குவளை நிறைய மொண்டு வந்தான். நான் தடுப்பதற்குள் அவள் நெற்றியில் ஊற்றினான். "அந்தோணியம்மாளே, பிதாவுடையவும் சுதனுடையவும் இஸ்பிரீத்து சாந்துவுடையவும் நாமத்தினாலே உனக்கு நான் ஞானஸ்நானம் கொடுக்கிறேன்" என்று கணீரென்று சொன்னான். பூசைக்கு மணியடிக்கிற பையனின் குரல். கொட்டகைக்கு அப்பாலும் கேட்டிருக்கும்.

பொன்னி கண்ணைத் திறந்தாள்.

ஒரு கணம் எல்லாப் பிள்ளைகளும் வாயைப் பிளந்து நின்றார்கள். பிறகு ஒருவன், "பொன்னிய வேதத்துல சேத்துட்டாங்கடோய்!" என்று கத்திக்கொண்டு லயத்தைப் பார்த்து ஓடினான். மற்றவர்கள் அவன் பின்னால் ஓடினார்கள். அத்தை மருந்துப் பெட்டியோடு திரும்பி வந்தபோது கொட்டகையில் நாங்கள் மூன்று பேரும் தரையெல்லாம் கிடந்த சிலேட்டுகளும்தான் மிச்சம்.

அது மரம் வெட்டி முடிந்து ஆட்கள் பால் வாளியோடு திரும்புகிற நேரம். கொஞ்ச நேரத்தில் கொட்டகையைச் சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. பொன்னியின் அம்மா அஞ்சலை கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். யாரையும் பார்க்கவில்லை. மகளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டாள். சிலேட்டு எடுக்க வந்த ஒரு சிறுமியை அவள் அப்பா முதுகில் ஒன்று வைத்து இழுத்துக்கொண்டு போனார்.

கங்காணி துண்டை உதறித் தோளில் போட்டார். "எங்க வாசல்ல நின்னு வாக்குக் குடுத்தீங்களேம்மா. நாங்க நம்பித்தானே அனுப்புனோம்? அந்தப் புள்ளைய நாளைக்கு எவன் கட்டுவான்? இனிமே ஒரு புள்ள வராது. தொரைகிட்டச் சொல்லிப்புடறேன், கொட்டாயிய அவரே எடுத்துக்கட்டும்."

மருந்துக்காரர் கிடைக்காமல் மூச்சிரைக்கத் திரும்பியிருந்த வாத்தியார் அத்தையின் காதருகே குனிந்தார். "மயக்கம் தெளியத்தான் தண்ணி ஊத்துனான்னு சொல்லிடுங்கம்மா. பாதி நெசந்தானே?"

"பாதி பொய்யும்தானே, வாத்தியாரே" என்றார் அத்தை.

தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு லயத்தை நோக்கி நடந்தார். நான் பின்னால் ஓடினேன். கூட்டம் எங்கள் பின்னால் வந்தது. எங்களை அடிப்பார்கள் என்று நினைத்தேன். அதைவிட, அத்தைக்கு இந்தச் சனிக்கிழமைகள் இனி இல்லையென்றால் அத்தை என்ன செய்வார் என்று நினைத்தபோதுதான் அழுகை வந்தது.

லயத்து வீடு என்பது ஒரே அறை. பொன்னி சுவரில் சாய்ந்து சாக்கின்மேல் உட்கார்ந்திருந்தாள். தலைமுடியிலிருந்து இன்னும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அத்தை வாசலிலேயே நின்றார்.

"தங்கச்சி, குடுத்த வாக்கு தவறிப்போச்சு. எங்க வீட்டுப் புள்ளதான் செஞ்சான். மறைச்சுப் பேச நான் வரல."

அஞ்சலை அத்தையைப் பார்க்கவில்லை. தம்பியின் முன்னால் குந்தி உட்கார்ந்தாள். அவள் கையில் ரப்பர்ப் பால் காய்ந்து வெள்ளையாக உரிந்துகொண்டிருந்தது.

"என்னாடா சொல்லி ஊத்துன?"

தம்பி முழுவதையும் சொன்னான்.

"அப்படின்னா என்னா?"

"அவ செத்துட்டான்னு நெனச்சேன்." அவனுக்கு விக்கல் எடுத்தது. "தண்ணி ஊத்தலன்னா மோட்சத்துக்குள்ள வுட மாட்டாங்க. நாங்கள்லாம் உள்ள போயிருவோம். அவ மட்டும் வெளிய நிப்பா."

"எம்மவ வெளிய நிக்கக் கூடாதுன்னா ஊத்துன?"

தலையாட்டினான்.

அஞ்சலை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள், கண்ணில் தண்ணீரும் இருந்தது. பிறகு வாசலைப் பார்த்து உரக்கச் சொன்னாள்: "கங்காணியாரே, இந்தப் புள்ள எம்மவளப் புடுங்க வரல. தான் போற எடத்துக்குக் கூட்டிக்கிட்டுப் போவப் பாத்துருக்கு. இதுக்குப் போயி என்னா சண்டை?"

"அது சரி, ஊத்துனது ஊத்துனதுதானே?" என்றார் கங்காணி.

அவள் எழுந்து மூலையிலிருந்த கொட்டாங்கச்சியை எடுத்தாள். அதில் மாரியம்மன் கோயில் திருநீறு இருந்தது. மகளின் ஈர நெற்றியில் ஓர் இழுப்பு. அதே கையோடு திரும்பி என் தம்பியின் நெற்றியிலும் நீளமாக ஓர் இழுப்பு. "இந்தா, எங்க ஆத்தா ஒன்னையும் பாத்துக்குவா. சரிக்குச் சரியாப் போச்சு."

கூட்டம் மொத்தமும் அத்தையைப் பார்த்தது. ரத ஊர்வலம் வந்தால் அடுத்த தெருவழியாகப் போகிறவர் அத்தை. பக்கத்து வீட்டிலிருந்து பொங்கல் வந்தால், படைத்ததா படைக்காததா என்று கேட்டுத்தான் வாங்குவார். அவர் கை மெதுவாகத் தம்பியின் நெற்றிக்குப் போனது. துடைத்துவிடப் போகிறார், எல்லாம் முடிந்தது என்று கண்ணை இறுக்க மூடிக்கொண்டேன்.

"கண்ணுல விழுந்துடப் போவுது" என்ற அத்தையின் குரல் கேட்டது. பார்த்தேன். புருவத்தில் உதிர்ந்திருந்ததை மட்டும் தட்டிவிட்டு, முடியை ஒதுக்கிவிட்டார். நெற்றியில் இருந்தது அப்படியே இருந்தது.

கங்காணி இருமினார். இருமல் சிரிப்பாக மாறியது. அதன் பிறகு யார் சிரித்தார்கள், யார் சிரிக்கவில்லை என்று சொல்ல முடியாது. வாத்தியார், ஒன்றுமே நடக்காததுபோல, "மத்தியானம் கணக்கு இருக்கு, எல்லாரும் வந்துடணும்" என்று கூட்டத்துக்குள் நின்று அறிவித்தார்.

சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று அஞ்சலை பிடிவாதம் பிடித்தாள். டவுன்காரர்கள் லயத்தில் கை நனைப்பார்களா என்று வெளியே ஒருத்தி சந்தேகப்பட்டது கேட்டது. அத்தை சேலையைச் சுருட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். தகரத் தட்டில் கஞ்சி, ஒரு துண்டு சுட்ட கருவாடு. பயம் தெளிந்த பசி எங்களுக்கு. தம்பி இன்னொரு தட்டுக் கேட்டான். அஞ்சலை பானையைச் சாய்த்து வழித்து ஊற்றினாள். பொன்னி சுவரோரம் உட்கார்ந்து நாங்கள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"காலையில என்னா சாப்புட்டா புள்ள?" என்று அத்தை கேட்டார்.

"இருட்டுல மரத்துக்குப் போற அவசரத்துல என்னத்தக் குடுக்கறது? அதுங்களுக்கெல்லாம் மத்தியானக் கஞ்சிதாம்மா."

அத்தையின் கை தட்டில் நின்றது. கஞ்சியில் கல் கிடக்கிறது போலும் என்று நினைத்தேன்.

திரும்பும்போது படகில் நல்ல காற்று. எல்லாம் நல்லபடியாக முடிந்ததில் நான் ஓயாமல் பேசிக்கொண்டே வந்தேன். தம்பி அத்தையின் மடியில் தூங்கிவிட்டான். அத்தை மட்டும் தண்ணீரையே பார்த்துக்கொண்டு வந்தார். வீட்டில் அவன் நெற்றியைப் பார்த்த அம்மா அலறினாள். "ஒரு குளியல்ல போயிரும்லா, வுடு" என்றார் அப்பா.

மறுநாள் பூசை முடிந்ததும் அத்தை எங்களை வெள்ளைக்காரச் சாமியாரிடம் கூட்டிப்போய் நடந்ததை எல்லாம் சொன்னார். ஞானஸ்நானம் செல்லும் என்றால் பொன்னி நம் கோயில் பிள்ளை; அவளை அஞ்சலையிடம் கேட்டு வாங்கி நம் வேதத்தில் வளர்த்தாக வேண்டும். கேட்டால் பள்ளிக்கூடம் இல்லை. இதெல்லாம் பெரியவளான பிறகே எனக்குப் புரிந்தது. அப்போது, சாமியார் தம்பியைப் பிரம்பால் அடிப்பாரா மாட்டாரா என்பதுதான் என் கவலை.

சாமியார் தாடியைத் தடவிக்கொண்டு தம்பியிடம் அந்த வார்த்தைகளைத் திரும்பச் சொல்லச் சொன்னார். அவன் ஓர் எழுத்துக்கூடப் பிசகாமல் சொன்னான். நடுவில் சாமியாருக்குப் பலமாக இருமல் வந்தது. இன்னொரு முறை சொன்னான். அதே இடத்தில் மறுபடியும் இருமல்.

"எனக்கு இந்தக் காது கொஞ்சம் மந்தம்" என்றார் அவருடைய பிரெஞ்சுத் தமிழில். "நடுவிலே ஒன்றும் விழவில்லை. செல்லுமா செல்லாதா, நான் எப்படிச் சொல்வது? பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு வருகிறார்களா?"

"வர்றாங்க, சாமி."

"அப்போது போய் வாருங்கள்."

எனக்கு ஆச்சரியமாக இருந்தது. பாவங்களைச் சொல்லுகிற பாவசங்கீர்த்தனத் தொட்டியில் நான் எவ்வளவு மெதுவாக முணுமுணுத்தாலும் ஒன்றுவிடாமல் கேட்டுவிடுகிற காது அது. அத்தையோ வெளியே வந்து கோயில் சுவரில் கையை ஊன்றிக்கொண்டு, நீளமாக மூச்சு விட்டார்.

அடுத்த மாதம் வண்டியில் ஏறியபோது எனக்கு ஏமாற்றம். புதுச் சிலேட்டு ஒன்றுகூட இல்லை. அவை இருக்க வேண்டிய இடத்தில் ஓர் அரிசி மூட்டையும், கோயில் திருவிழாவுக்குச் சமைக்கிற பெரிய அண்டாவும் இருந்தன. சிலேட்டு எங்கே என்று கேட்டேன்.

"அது அப்புறம் வாங்கிக்கலாம்" என்றார் அத்தை.

அன்று முதல் வாத்தியாரின் தேவாரத்துக்கு முன்னால் கொட்டகைக்குப் பக்கத்தில் அடுப்பு எரியத் தொடங்கியது. பிள்ளைகள் தட்டோடு வரிசையாக உட்கார, முதல் நாள் அத்தை தாமே அகப்பை பிடித்துக் கஞ்சி ஊற்றினார். முதல் தட்டு பொன்னிக்கு. நான் வண்டிச் சக்கரத்தின்மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அஞ்சலை வீட்டில் சாப்பிட்ட கஞ்சியின் ருசி அத்தைக்கு மிகவும் பிடித்துப்போய்விட்டது என்றே நான் நினைத்துக்கொண்டேன்.