மகாலட்சுமிக்கு அடித்த சிவப்புப் பெயிண்ட்

நியூசிலாந்துக்கு வந்து சில வருடங்களாகியும் என் வலது கை மட்டும் திருந்தவில்லை. இந்த ஆராய்ச்சிப் பண்ணையில், பசுக்களின் வால் தொடங்கும் மேட்டில் சிவப்புப் பெயிண்டைப் பட்டையாக அடிப்பது என் வேலை. பருவத்துக்கு வந்த பசுவின் மேல் மற்ற மாடுகள் ஏறும், பெயிண்ட் தேய்ந்து அழியும், உடனே சினை ஊசி போடுவோம். வந்த புதிதில் ஒரு வெள்ளிக்கிழமை, அடித்து முடித்ததும் என் கை தானாகப் பசுவின் பின்புறத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டது. மேலாளர் பிரையன் அலறிவிட்டார். கண்ணில் பெயிண்ட் பட்டுவிட்டதென்று என்னைக் குழாயடிக்கு இழுத்துப்போய்த் தலையைக் குனியவைத்துத் தண்ணீரை அடித்தார். சொட்டச் சொட்ட நின்றபடி, அங்கே மகாலட்சுமி குடியிருக்கிறாள் என்று விளக்கினேன். அவர் அந்தப் பசுவை ஒரு சுற்றுச் சுற்றிவந்து, "இதற்கு டெய்சி என்றல்லவா பெயர் வைத்தேன்!" என்றார்.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. எண்பதுகளின் கடைசியில் நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் கால்நடை மருத்துவராக இருந்தபோது இதே வித்தையைக் கூமாப்பட்டியில் செய்து பார்த்தேன். ராஜபாளையத்து இரும்புக்கடையில் பெயிண்ட் வாங்கி, வெள்ளிக்கிழமை மேய்ச்சல் காட்டில் வைத்தே ஒரு தெருவின் பசுக்களுக்கெல்லாம் அடித்தேன். அதில் ராஜாத்தியக்காவின் பசுவுக்குத்தான் அவசரம். பலமுறை ஊசி போட்டும் அது சினை பிடிக்கவில்லை. இந்தத் தடவையும் தவறினால் அடிமாட்டு வியாபாரியிடம் தள்ளிவிடுவேன் என்று அவள் கணவர் சொல்லியிருந்தார். சனிக்கிழமை காலை போனால் ஒரு பசுவிலும் பெயிண்ட் இல்லை! தெருவே ஒரே ராத்திரியில் பருவத்துக்கு வந்துவிட்டதென்று பூரித்துப்போய் ஊசிப் பெட்டியைத் திறந்தேன்.

"செத்த நேரம் பொறுங்க சார்," என்றாள் ராஜாத்தியக்கா. "நேத்து வெள்ளிக்கெழமல்லா? மகாலெச்சுமி இருக்க எடத்துல எவனோ பெயிண்ட அடிச்ச மாதிரி கெடந்துச்சு. நாங்க எல்லாருமாத் தேங்கா நாரு போட்டுத் தேச்சுட்டோம்."

அந்த எவனோ நான்தான். ஒவ்வொரு பசுவின் பின்புறத்திலும் மஞ்சளும் குங்குமமும் பளபளத்தன, நான் பெயிண்ட் அடித்த அதே இடத்தில். பெட்டியை மூடிவிட்டு, "சரிக்கா, மஞ்சளையே விளக்கெண்ணெயில் குழைத்துத் தடிமனாகப் பூசுங்கள். அழிந்தால் சொல்லுங்கள்" என்றேன். அடுத்த வாரமே ஆள் அனுப்பினாள். பசு சினை பிடித்தது, ஈன்றது, தொழுவத்திலேயே நின்றது. சீம்பாலைத் தூக்குவாளியில் கொண்டுவந்து தந்து, "எங்க வீட்டுல அவிய இப்பம் மாட்டுக்கு முன்னால என்னய ஏசவே பயப்படுதாவ" என்று சிரித்தாள்.

இந்த வருடம் டெய்சிக்கு அந்த நிலைமை. பருவத்துக்கே வரவில்லை. வாரக் கடைசிக்குள் வராவிட்டால் இறைச்சி லாரியில் ஏற்ற வேண்டியதுதான் என்று பிரையன் முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னார். வெள்ளிக்கிழமை அவர் போனபிறகு, பின்புறம் பட்டை அடித்த கையோடு அதன் நெற்றியிலும் மோதிர விரலால் அதே பெயிண்டில் ஒரு பொட்டு வைத்தேன். எந்த ஆராய்ச்சியிலும் இதற்கு இடமில்லை.

காலையில் பிரையனின் கூச்சல் கேட்டு ஓடினேன். டெய்சியின் வால்மேட்டில் பட்டை முழுக்க அழிந்திருந்தது. அவர் துள்ளிக் குதித்தார். பிறகு முன்பக்கம் போய், மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு நெற்றியை உற்றுப் பார்த்தார்.

"இங்கே மட்டும் அழியவில்லையே?"

எனக்குப் பார்வை மங்கியது. புறங்கையால் கண்ணைத் துடைத்தேன்.

"மறுபடியும் கண்ணில் பெயிண்டா?" என்றார்.

"ஆமாம்" என்று சொல்லிவிட்டு, நானாகவே குழாயடிக்குப் போய்த் தலையைக் குனிந்துகொண்டேன்.