மூடிக்குள் கிடந்த ரேட்

அக்காவுக்குச் சந்தையில் சட்டாம்பிள்ளை என்று பெயர். நகராட்சிச் சந்தையைக் கூட்டிக் கழுவும் காண்ட்ராக்ட் பதினொரு வருடமாக அவளுடையது. அவளிடம் பதினாலு பெண்கள் வேலை பார்த்தார்கள். ஒரு மீன் செதில் ஒட்டியிருந்தாலும் மறுபடி தண்ணீர் விடச் சொல்வாள். முணுமுணுப்பார்களே தவிர, ஒருத்தியும் விட்டுப் போனதில்லை.

நகராட்சி ஆபீசுக்கு எதிரே என் ஜெராக்ஸ் கடை. டெண்டர் போடுகிற அத்தனை பேருக்கும், அக்காவின் போட்டிக்காரர்களுக்கும்கூட, விண்ணப்பம் நிரப்பித் தருவது நான்தான். ரேட் கட்டத்தை மட்டும் காலியாக விடுவேன். அவரவர் அதை எழுதி உறையை ஒட்டும்வரை சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்க வேண்டும். இது அக்கா போட்ட சட்டம். என் ஓட்டைவாய் அவளுக்குத் தெரியாதா?

இந்த வருடம் புதுக் கம்பெனிக்காரர் ஒருவர் வந்தார், நெட்டையான ஆள். அவர் போனபின் ஜெராக்ஸ் மூடியைத் திறந்தால் அவருடைய ரேட் தாள் கண்ணாடிமேல் கிடக்கிறது. அக்காவின் பழைய ரேட்டைவிட எக்கச்சக்கம். டெண்டர் பெட்டி மூட ஒரு மணி நேரம் இருக்கையில் அக்கா வந்தாள்.

“அக்கா, பழைய ரேட்டையே போடாத. ஏத்திப் போடு.”

“உனக்கு எப்படிடா தெரியும்?”

தாளைக் காட்டினேன். திட்டுவாள் என்றிருந்தேன். அவளோ வெகுநேரம் அதையே பார்த்தாள்.

“நம்ம பொம்பளைங்களுக்குக் கூலி ஏத்தி நாலு வருஷமாச்சுடா” என்று பேனாவை எடுத்தாள். நான் திரும்பிக்கூட நிற்கவில்லை.

சாயங்காலம் எல்லோர் முன்னிலையிலும் உறைகளைப் பிரித்தார்கள். குறைந்த ரேட்டுக்குத்தான் வேலை. நெட்டையரின் ரேட்டைக் கிளார்க் வாசித்தார். நான் பார்த்த ரேட்டே இல்லை அது. அக்கா இப்போது எழுதியதைவிடக் குறைவு, அவள் பழைய ரேட்டைவிடச் சற்றே அதிகம். பாவி, தாளை மறந்துவிட்டுப் போகவில்லை. எனக்காகவே வைத்துவிட்டுப் போயிருக்கிறான்.

“என்னாலதான்க்கா எல்லாம் போச்சு.” எனக்கு அழுகையே வந்துவிட்டது.

“எழுதுனது என் கைதானே? விடு.”

மறுவாரம் நெட்டையர் பழைய ஆட்களையே வைத்துக்கொள்வதாகச் சொன்னார், கூலி மட்டும் குறைவு. அடையாள அட்டையின் நகலுக்காகப் பதினாலு பெண்களும் என் கடையில் வரிசையாக நின்றார்கள். பதினைந்தாவதாக அக்கா.

“நீயுமாக்கா?”

“வேற என்ன வேலைடா எனக்குத் தெரியும்?” என்று தன் அட்டையை நீட்டினாள்.

நகல் வந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

“மூடியத் தொறந்து அட்டைய எடுத்துக் குடுடா,” என்றாள், “உள்ளயே கெடக்கப் போகுது.”