கூழில் விழுந்த விரல்

எங்கள் வீட்டு மாடியில் ஒரு ஜப்பான்காரர் குடியிருந்தார் என்றால் இப்போதுகூட யாரும் நம்புவதில்லை. திருமுல்லைவாயலில், தண்ணீர் லாரி திரும்பவே இடமில்லாத அந்தச் சந்தில் ஜப்பான்காரருக்கு என்ன வேலை என்கிறார்கள். வேலை இருந்தது. அம்பத்தூர் எஸ்டேட்டில் அப்பா வேலை பார்த்த பட்டறைக்கு ஜப்பானிலிருந்து புது பிரஸ் மெஷின்கள் வந்தன. தகட்டை ஒரே அடியில் வெட்டி வளைக்கிற மெஷின்கள். அவற்றை ஓட்டிக் காட்ட அவரும் கூடவே வந்தார். சேர்ந்தே வேலைக்குப் போய் வரலாமே என்று அப்பா அவரை எங்கள் மாடிக்குக் கூட்டிவந்துவிட்டார். நான் அப்போது நான்காம் வகுப்பு. ஜப்பான் மாமா என்று கூப்பிடுவேன். பெற்றவர்கள் வைத்த பெயரே அதுதான் என்பது போல அவரும் திரும்பிப் பார்ப்பார்.

ஆள் பார்க்க மலை மாதிரி இருப்பார். அக்னி நட்சத்திர வெயிலிலும் முழுக்கைச் சட்டை, கழுத்துவரை பொத்தான். உடம்பில் தேமல் இருக்கிறது, அதைத்தான் மறைக்கிறார் என்று அம்மா தீர்மானித்து, குப்பைமேனி இலையை அரைத்துக் கிண்ணத்தில் கொடுத்தனுப்பினாள். அவர் அதைத் துவையல் என்று நினைத்துச் சோற்றில் பிசைந்து சாப்பிட்டுவிட்டு, கிண்ணத்தைக் கழுவித் திருப்பிக் கொடுத்தார். இவ்வளவு பெரிய மனிதருக்குப் பல்லி என்றால் உயிர் போய்விடும். சுவரில் ஒன்று தெரிந்தால் போதும், மாடிப்படியில் வந்து நின்றுகொண்டு என்னைக் கூப்பிடுவார். நான் துடைப்பத்தோடு போய் விரட்டிவிட்டு வருவேன். அதற்குக் கூலி ஆம்லெட். உப்புப் போட வேண்டிய இடத்தில் சர்க்கரை போட்டிருப்பார். எனக்கு அது பிடித்துப்போயிருந்தது.

அப்படிப் பல்லி விரட்டப் போன ஒருநாள் சோப்பு டப்பாவில் ஒரு சுண்டுவிரல் கிடந்தது. நகம் இருந்தது, மடிப்பு ரேகைகூட இருந்தது. பக்கத்தில் அவர் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார், அவருடைய இடது கையில் சுண்டுவிரல் பாதிதான் இருந்தது. நான் கத்துவதற்குள் வாயில் கைவைத்து, யாரிடமும் சொல்லாதே என்று ஜாடை காட்டினார். நானும் தலையாட்டினேன். அப்பாவிடம் மட்டும் சொன்னேன். அப்பாவிடம் சொல்வது சொல்வதில் சேர்த்தி இல்லை.

அப்பா அசரவே இல்லை. "பிரஸ்ல போயிருக்கும். இதுக்கு இன்னாத்துக்கு ரப்பர் வெரலு, வெக்கம்லாம்? நம்மாளுதான் அவரு" என்றார். அப்பாவுக்கே வலது ஆள்காட்டி விரலில் ஒரு கணு கிடையாது. எங்கள் தெருவில் எஸ்டேட்டுக்குப் போகிற ஆண்களில் பாதிப் பேர் மெஷினுக்கு ஏதோ கொஞ்சம் கொடுத்தவர்கள். பெண் கேட்டு வரும்போதுகூட அதை ஒரு குறையாகச் சொல்லமாட்டார்கள்.

ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தெருவில் அம்மனுக்குக் கூழ் ஊற்றினோம். அன்றைக்கே ஜப்பானிலிருந்து மெஷின் கம்பெனிக்காரர்கள் இரண்டு பேர் வந்திருந்தார்கள். ஜப்பான் மாமாவை இங்கேயே வைப்பதா, திருப்பி அனுப்புவதா என்று அவர்கள்தான் முடிவு செய்வார்களாம். அவர்களுக்கும் முதலில் கூழ், அப்புறம்தான் பட்டறை என்று முதலாளி சொல்லிவிட்டார். அவர் போனால் ஆம்லெட் போச்சு. அதைவிட, ஜப்பானில் அவருக்குப் பல்லி விரட்ட யார் இருக்கிறார்கள்?

காலையிலிருந்து அவர்தான் அண்டாவில் துடுப்புப் போட்டுக் கூழைக் கிளறினார். தெரு முழுக்கச் சொம்பும் தூக்குமாக வந்து வாங்கிக்கொண்டு போயிற்று. நெமிலிச்சேரியிலிருந்து வந்திருந்த அத்தைகூட ஒரு தூக்கு நிறைய வாங்கிக்கொண்டு ரயிலுக்குக் கிளம்பிவிட்டாள். அப்போது ஜப்பான் மாமா என்னை ஓரமாகக் கூப்பிட்டு இடது கையைக் காட்டினார். விரலைக் காணோம். அவர் அண்டாவைக் காட்டினார். முகம் வெளுத்துப்போயிருந்தது.

நான் யோசிக்கவே இல்லை. அண்டாவுக்குள் தோள்வரை கையை விட்டேன். "அடியே, சாமி கூழுடி" என்று அம்மா முதுகில் ஒன்று வைத்தாள். வாக்குக் கொடுத்திருந்ததால் காரணம் சொல்ல முடியவில்லை. பிறகு வீடு வீடாக ஓடி, எல்லாருடைய சொம்பிலும் எட்டிப் பார்த்தேன். கூழுக்குப் பேயாய் அலைகிற பெண் என்று எனக்குப் பெயர் வந்ததுதான் மிச்சம். அதற்குள் கார் வந்துவிட்டது.

இறங்கியவர்களில் ஒருவர் இளையவர், ஒருவர் நரைத்தவர். ஜப்பான் மாமா இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு குனிந்து கும்பிட்டார். அம்மா அவர் கையில் கூழ்ச் சொம்பைத் திணித்து, "நீங்களே குடுங்க. உங்க ஊர்க்காரங்களாச்சே" என்றாள். அவர் வலது கையால் மட்டும் நீட்டினார்.

"சாமி கூழை ஒத்தக் கையில குடுக்கக் கூடாதுங்க. ரெண்டு கை" என்று அம்மா செய்தே காட்டினாள்.

அவர் என்னைப் பார்த்தார். நான் அழுகிற நிலையில் இருந்தேன். கண்ணை ஒருமுறை மூடித் திறந்து, இரண்டு கையாலும் சொம்பை நீட்டினார்.

இளையவர் ஓரடி பின்வாங்கினார். நரைத்தவர் சொம்பை வாங்கவில்லை, அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். தெருவில் மேளம் அடித்துக்கொண்டிருந்தது, ஆனால் அவர்கள் மூன்று பேர் நின்ற இடத்தில் மட்டும் ஏதோ கெட்டுப்போயிருந்தது. விரல் இல்லாத ஆளைப் பார்த்து ஒருத்தர் பயப்படுவதை அன்றுதான் பார்த்தேன்.

அப்பாவுக்கு அது பொறுக்கவில்லை. குறுக்கே வந்து தன் வலது கையை ஜப்பான் மாமாவின் கைக்குப் பக்கத்தில் நீட்டினார். "பிரஸ் மெஷின் சார். டப்புனு கட். சேம் சேம்" என்றார். பிறகு தெருவைப் பார்த்து, "இன்னாபா, சும்மா நின்னுகினு கீறீங்க? காட்டுங்க" என்றார்.

காட்டினார்கள். மேளக்காரரே மேளத்தை நிறுத்திவிட்டுக் காட்டினார். கட்டைவிரல் இல்லாதவர், இரண்டு விரல் இல்லாதவர், நகம் மட்டும் போனவர் என்று வரிசையாகக் கைகள் நீண்டன. எல்லார் முகத்திலும் ஒரே சிரிப்பு.

நரைத்தவர் அந்தக் கைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். கடைசியில் ஜப்பான் மாமாவின் கைக்கு வந்து, அதை வெகுநேரம் பார்த்தார். பிறகு இடுப்புவரை வளைந்து வணங்கிவிட்டு, இரண்டு கையாலும் சொம்பை வாங்கினார். அம்மனைத்தான் கும்பிடுகிறார் என்று நினைத்தேன். இன்னொரு சொம்பும் கேட்டு வாங்கிக் குடித்தார், கருவாட்டுக் குழம்போடு. ஜப்பான் மாமா போகவேண்டியதில்லை என்று சாயங்காலமே தெரிந்துவிட்டது.

சாயங்காலம் அத்தையும் போன் செய்தாள். "அண்ணே, தூக்குல ஒரு வெரலுகீது. யார்துன்னு தெர்ல. ஃப்ரீசர்ல வெச்சிகீறேன், ஆஸ்பத்திரில ஒட்டிக்கலாம்னு டிவில சொன்னாங்க" என்றாள். அப்பா சிரித்த சிரிப்பில் ஜப்பான் மாமாவே மாடியிலிருந்து இறங்கிவந்துவிட்டார். மறுநாள் விரல் ஐஸ் பெட்டியில் வந்து சேர்ந்தது. அதற்குப் பிறகு அவர் அதை மாட்டவே இல்லை, பல்லியை மிரட்ட ஜன்னலில் வைத்திருந்தார். பல்லி அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது.

இப்போது பூந்தமல்லிப் பக்கம் ஒரு ஃப்ளாட்டில் உட்கார்ந்து ஜப்பானியக் கம்பெனி ஒன்றுக்காக வேலை பார்க்கிறேன். அந்தக் கம்பெனியில் கூட வேலை செய்கிற ஜப்பானியப் பெண்ணிடம் ஒருநாள் இந்தக் கதையைச் சிரிக்கச் சிரிக்கச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. உடம்பு முழுக்கப் பச்சை குத்தியிருந்தாரா என்று கேட்டாள். அப்படிப் பச்சை குத்திக்கொள்கிற யாகுசா என்கிற பெரிய ரவுடிக் கும்பல்களில் தவறு செய்தவன் தன் சுண்டுவிரலைத் தானே வெட்டித் தலைவனிடம் கொடுப்பானாம். இப்போது அந்தக் கும்பல்கள் தேய்ந்துவிட்டன. சட்டம் நெருக்கி, பேங்க் கணக்கோ வாடகை வீடோ கிடைக்காமல் போய், இளைஞர்கள் யாரும் சேராமல், மிச்சமிருப்பவர்களில் கிழவர்களே அதிகமாம். விட்டு வெளியே வந்தால் அந்தக் கையைப் பார்த்ததும் வேலை தரமாட்டார்களாம். எங்கள் பக்கத்துப் பழைய ரவுடிகளாவது வயதானால் கூழ் கமிட்டியில் சேர்ந்துவிடலாம்.

அப்புறம்தான் நரைத்தவரை நினைத்துக்கொண்டேன். மெஷின் செய்து விற்கிறவருக்கு, மெஷின் எப்படிக் கடிக்கும், கத்தி எப்படி வெட்டும் என்று தெரியாமலா இருக்கும்? எல்லாம் தெரிந்துதான் வணங்கியிருக்கிறார். அவரை ஏமாற்றி ஜப்பான் மாமாவைக் காப்பாற்றிவிட்டோம் என்றுதான் அவள் சொன்னதும் முதலில் நினைத்தேன். எங்கள் அப்பாவுக்கு ஏமாற்றுகிறோம் என்பதுகூடத் தெரியாது.

அன்று கார் போனதும் ஜப்பான் மாமா மாடிப்படியில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதார். கருவாட்டுக் குழம்பின் காரம் என்று நினைத்து, நான் ஓடிப்போய்க் கை நிறையச் சர்க்கரை அள்ளிவந்தேன். அவர் எழுந்து நின்று, இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டார்.