பச்சை ஸ்டிக்கர் ஒட்டிய நானூறு சொற்கள்

தொண்ணூறுகளின் தொடக்கம். ஓசூர் தொழிற்பேட்டையில் மின் ஸ்விட்ச் செய்யும் ஒரு கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். தேன்கனிக்கோட்டையில் தமிழ் வழியில் பள்ளிப்படிப்பு, தபால் வழியில் கணிதப் பட்டம், அவ்வளவுதான் என் படிப்பு. எந்தத் தைரியத்திலோ வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றுக்கு எழுதிப் போட, உதவித்தொகையோடு மேற்படிப்புக்கு இடம் தருவதாகப் பதில் வந்துவிட்டது. ஒரே ஒரு நிபந்தனை. ஆங்கிலத் தேர்வில் அவர்கள் கேட்கும் மதிப்பெண் எடுக்க வேண்டும். தேர்வு பெங்களூரில். கோட்டை விட்டால், அடுத்த தேர்வு வருவதற்குள் இடம் போய்விடும்.

பேச்சு ஆங்கிலம் என்றால் எப்படியாவது சமாளித்திருப்பேன். ஆராய்ச்சிக் கட்டுரைகளில் வரும் சொற்கள்தான் என்னைப் பாடாய்ப் படுத்தின. அகராதியைத் திறந்தால், தெரியாத ஒரு சொல்லுக்கு விளக்கமாகத் தெரியாத மூன்று சொற்கள் நிற்கும்.

ஸ்விட்ச் பொருத்தும் லைனில் எனக்குப் பக்கத்து இருக்கை, அத்திப்பள்ளியிலிருந்து வரும் கன்னடத்துப் பெண்ணுக்கு. என் வயதுதான். எட்டாவதோடு நின்றவள். அவள்தான் வழி சொன்னாள். எங்கள் கம்பெனியில் சோதித்துத் தேறிய பெட்டிக்குப் பச்சை ஸ்டிக்கர், தேறாததற்குச் சிவப்பு. பொருத்தியவரே பச்சை ஒட்டக் கூடாது. வேறொருவர் பார்த்துத்தான் ஒட்ட வேண்டும். சொற்களுக்கும் அதையே செய்யலாம் என்றாள். நான் அட்டைக்கு ஒரு சொல்லாக எழுதி வருவேன். சாப்பாட்டு நேரத்தில் அவளுக்கும், தேன்கனிக்கோட்டை பஸ்ஸில் என்னோடு வரும் முஸ்லிம் தோழிக்கும் புரிகிற மாதிரி, எங்கள் லைனை வைத்தே விளக்க வேண்டும். ஹைப்பாதிசிஸ் என்றால், மெஷின் நின்றதும் திறந்து பார்க்கும் முன்னால் 'ஃபியூஸ் போயிருக்கும்' என்கிறோமே, அது. இருவரும் தலையாட்டினால்தான் பச்சை.

இப்படி ஒரு நாளைக்கு ஏழெட்டுச் சொற்கள் தேறின. தேர்வு நெருங்க நெருங்க எனக்குப் பதற்றம். இந்த வேகத்தில் போனால் எங்கே முடிப்பது? வீட்டில் உட்கார்ந்து அகராதி விளக்கங்களை மனப்பாடம் செய்து, நானே பச்சை ஒட்டத் தொடங்கினேன். மூன்றே வாரத்தில் நானூறு அட்டை. பெருமை தாங்காமல் பிஸ்கட் டப்பாவில் அடுக்கிக் கொண்டுபோய் அவர்கள் முன்னால் வைத்தேன்.

கன்னடத் தோழி அதிலிருந்து பத்து அட்டைகளை உருவினாள். முதலில் வந்தது அம்பிகுவஸ், இரு பொருள்பட நிற்பது. மடமடவென்று ஒப்பித்தேன்.

"அது இருக்கட்டும். நம்ம லைன்ல வச்சுச் சொல்லு."

திரும்பவும் அகராதி வரியையே ஒப்பித்தேன். பத்தில் ஆறு இப்படியே போயின.

"சாம்பிள்ல ஆறு போச்சுன்னா என்ன பண்ணுவோம்? லாட்டே ரிஜெக்ட். எல்லாத்துக்கும் செவப்பு ஒட்டும்மா" என்றாள்.

தேர்வுக்குப் பதினெட்டு நாள்தான் இருந்தது. எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "எட்டாவது படிச்சவ என்னோட இங்கிலீஷ செக் பண்றியா?" என்று கேட்டுவிட்டேன். கேண்டீனில் பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அவள் முகம் வாடிவிட்டது. ஆனாலும் விடவில்லை.

"ஸ்விட்ச்சுக்குப் படம் போட்ட இன்ஜினியரு பெரிய படிப்புதான். அது வேல செய்யுதான்னு நாந்தான பாக்கறேன்? அவரு கோவிச்சுக்கறாரா? தப்பு இங்க தெரிஞ்சா பரவால்ல. பெங்களூர்ல தெரிஞ்சா நீ இங்கயேதான் ஒக்காந்திருப்ப."

அன்று பஸ்ஸில் முஸ்லிம் தோழியும் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கோபம் யார் மேல் என்பது வீடு போய்ச் சேர்வதற்குள் எனக்கே தெரிந்துவிட்டது. நானூறு அட்டைகளிலும் பச்சையைக் கிழித்துவிட்டுச் சிவப்பு ஒட்டினேன். மறுநாள் காலை, ஷிஃப்ட் தொடங்கும் முன் கன்னடத் தோழியிடம் போய் நின்றேன்.

"தப்பாப் பேசிட்டேன். மொதல்ல இருந்து பாக்கலாமா?"

"ஒக்காரு" என்றாள்.

அதன்பிறகு சாப்பாட்டு நேரம், டீ நேரம், பஸ் வரும் வரை காத்திருக்கும் நேரம் எதையும் விடவில்லை. லைனில் இருந்த மற்றப் பெண்களும் கூடிவிட்டார்கள். கன்னடத்தில் ஒருத்தி கேட்க, தெலுங்கில் இன்னொருத்தி மடக்க, நான் திணறித் திணறி விளக்கினேன். முந்நூற்றுச் சொச்சம் தேறின. மீதியைச் சிவப்போடே விட்டுவிட்டுத் தேர்வுக்குப் போனேன். அங்கே கட்டுரை எழுத உட்கார்ந்தபோது அகராதியின் ஒரு வரிகூட ஞாபகத்துக்கு வரவில்லை. சாப்பாட்டு மேசையில் நான் சொன்ன விளக்கங்கள்தான் ஒவ்வொன்றாக வந்தன. பேனா நிற்கவே இல்லை.

சில வாரங்கள் கழித்து மதிப்பெண் வந்தது. கேட்டதைவிட அதிகம். கடிதத்தை லைனுக்குக் கொண்டுபோய்க் கன்னடத் தோழியின் கையில் கொடுத்தேன். எழுந்து நின்று, எல்லாருக்கும் கேட்கும்படி, "நாம பாஸாயிட்டோம்" என்றாள்.

ஆங்கிலம் எங்கே படித்தீர்கள் என்று இன்றைக்கு யார் கேட்டாலும், ஓசூரில் ஸ்விட்ச் கம்பெனி லைனில் என்று தலை நிமிர்ந்து சொல்கிறேன். அத்தனை பேர் முன்னால் அவளை அப்படிப் பேசிய எனக்கும் அந்த 'நாம'வில் ஓர் இடம் கொடுத்தாளே, என் பட்டங்களைவிட அதுதான் எனக்குப் பெரிய பெருமை.