வால் கூண்டுக் கண்ணாடி

பொய்ப்பல் செய்கிறவளுக்குப் துண்டு துண்டாக வரும் பிளாஸ்டிக் பொம்மை விமானம் ஒட்டுவதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்பவர்கள் ஒரு தடவை ஒட்டிப் பார்க்கட்டும், அப்புறம் பேசலாம். மருமகள் பகலெல்லாம் பல் மருத்துவமனையின் பின்னறையில் உட்கார்ந்து ஊரார் வாய்க்குப் பல் செய்வாள். சாயங்காலம் ஆனால் சாப்பாட்டு மேஜையின் பாதியைப் போர் விமானங்கள் பிடித்துக்கொள்ளும். "மீதிப் பாதியையாவது எனக்கு விட்டு வை தாயே" என்று கும்பிடுவான் புருஷன்.

இந்தத் தடவை மேஜையில் இருந்தது மாமனாரின் விமானம். இளவயதில் போருக்குப் போனவர் அவர். குண்டு போடும் விமானத்தின் வாலில், கண்ணாடிக் கூண்டுக்குள், துப்பாக்கியோடு தனியாக உட்கார்ந்து பறந்தவர். அதற்கு மேல் வீட்டில் வாய் திறந்ததே இல்லை. இப்போது ஒரு கண் போய்விட்டது. மறு கண்ணில் அறுவை சிகிச்சை. பார்வை மிஞ்சுமா என்று டாக்டராலேயே சொல்ல முடியவில்லை. தேதி குறித்த அன்று மனுஷன் மருமகளிடம் ஒன்றே ஒன்று கேட்டார்: "நான் உக்காந்த இடத்த ஒரு தடவ பாத்துடணும்மா."

அப்புறம் அவளுக்கு வேறு நினைப்பே இல்லை. கூண்டின் நிஜ அளவைக் கணக்குப் போட்டு, தரையில் சாக்பீஸால் கோடு கிழித்து, அதற்குள் உட்கார்ந்து பார்த்தாள். முழங்கால் மோவாயில் இடித்தது. அம்மாடி! நிலைப்படியில் குனிந்து வருகிற உயரம் அவர். இதற்குள் மடங்கிக்கொண்டு, வந்த வழியைப் பார்த்தபடியே, ராத்திரி முழுக்கவா பறந்தார்? பல்லுக்கு நிறம் தீட்டும் தூரிகையாலேயே, நகமளவு பொம்மை வீரனுக்கு முகம் எழுதிக் கூண்டுக்குள் உட்கார வைத்தாள்.

அவசரம்தான் கெடுத்தது. கண்ணாடிக்கு மெதுவாகக் காயும் பசைதான் போடவேண்டும். அது தெரியாதவளா அவள்? நாள் நெருங்கிவிட்டதே என்று உடனே பிடிக்கும் பசையைத் தொட்டு ஒட்டி, தூசி விழாமல் டப்பாவில் மூடி வைத்தாள். அறுவைக்கு முந்தின நாள் காலையில் திறந்தால், பசையின் ஆவி உட்புறமாகப் படிந்து கூண்டு முழுக்க வெள்ளை பூத்திருந்தது. உள்ளே இருந்தவன் நிழலாகக்கூடத் தெரியவில்லை.

"போச்சு! எல்லாம் போச்சு!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். "அப்பாவுக்கு எங்க தெரியப்போகுது" என்று சமாதானம் சொல்ல வந்த புருஷன் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டான்.

வேறு வழியில்லை. விமானத்தையும் பூதக்கண்ணாடியையும் எடுத்துக்கொண்டு மாமனாரின் அறைக்குப் போனாள்.

"மன்னிச்சுடுங்க மாமா. கடைசியில கண்ணாடியக் கெடுத்துட்டேன்."

பெரியவர் குனிந்தார். குனிந்தவர் நிமிரவே இல்லை.

"இத யாரும்மா உனக்குச் சொன்னாங்க?"

"எத மாமா?"

"மேல போனா இப்படித்தான் ஆகும். நம்ம மூச்சே ஒறஞ்சுபோய்க் கண்ணாடி வெள்ளையாயிடும். எதிரி பக்கத்துல வந்தாக்கூடத் தெரியாது. கண்ணாடின்னு பேரு, பிளாஸ்டிக்தான்; அதனால நடுவுல மட்டும் அறுத்து எடுத்துட்டேன். குளிர் முகத்துல அறையும், வெரலெல்லாம் மரத்துடும். ஆனா பாத்தாகணுமே! விமானத்துக்குள்ள இருந்த அத்தன பேர் உசுரும் என் கண்ணுலதானே இருந்துச்சு."

இந்த மனுஷனோடா இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தோம் என்றிருந்தது அவளுக்கு.

"அறுத்துடட்டுமா மாமா?"

"அறும்மா."

மூச்சைப் பிடித்துக்கொண்டு மெல்லிய கத்தியால் நடுச் சதுரத்தை மட்டும் அறுத்தெடுத்தாள். உள்ளேயிருந்து அந்த முகம் வெளியே பார்த்தது.

பெரியவர் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பூதக்கண்ணாடியை அவளே பிடித்துக்கொண்டாள்.

"இவ்வளவு சின்னப் பயலாவா இருந்தேன்?" என்றார். "இவனையா அங்க தனியா உக்கார வெச்சாங்க?"