பட்டாவின் பின்பக்கம்

எந்தக் காகிதம் கைக்கு வந்தாலும் பத்மினி முதலில் அதைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்ப்பாள். கல்யாணப் பத்திரிகையோ கரண்ட் பில்லோ, பின்னால் ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகுதான் முன்பக்கம். பதினைந்து வருஷமாக ஊரே இதைப் பார்த்துச் சிரிக்கிறது.

ஆந்திர எல்லையில் சத்தியவேட்டுக்குப் பக்கத்து ஊர்க்காரி அவள். எட்டாவதோடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. கம்பெனிகள் வரப்போகின்றன என்று பேச்சுக் கிளம்பி, முள்காட்டைக்கூட வாங்க ஆள் தேடிவந்த காலம். பஸ் ஸ்டாண்டு எதிரில் மனை விற்கும் ஏகாம்பரத்தின் ஆபீஸில் அவளுக்கு அரைநாள் வேலை கிடைத்தது. தெலுங்கு ஃபாரங்களை நிரப்ப வேண்டும். ஒப்பந்தத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும்.

"எட்டாங்கிளாஸ்னு யார் கிட்டயும் சொல்லாத. படிச்சா ஆபீஸுக்கு ஒரு மரியாதை" என்று அவர்தான் தூண்டினார். பள்ளிச் சான்று இல்லாதவர்களும் நுழைவுத் தேர்வு எழுதிச் சேரக்கூடிய பல்கலைக்கழகம் ஒன்று இருந்தது. நிலம், மனை வியாபாரம் பற்றிய படிப்பு. புத்தகம் தபாலில் வரும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் திருப்பதியில் வகுப்பு. கடைசி பெஞ்சில், யாரும் தன்னைக் கேள்வி கேட்டுவிடக் கூடாதே என்று தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருப்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வாத்தியார் ஒரு பட்டாவைக் கொண்டுவந்தார். நிலமில்லாத குடும்பங்களுக்குச் சர்க்கார் கொடுத்த பட்டா. எல்லோரும் முன்பக்கத்தைப் படித்தார்கள். திருப்புங்கள் என்றார் அவர். பின்னால் பொடி எழுத்தில் நிபந்தனைகள். இந்த நிலத்தை விற்கக் கூடாது, விற்றால் சர்க்கார் திரும்ப எடுத்துக்கொள்ளும்.

அதே மாதிரிப் பட்டாவைப் பத்மினி செல்லியம்மா அத்தை வீட்டில் பார்த்திருக்கிறாள். மறுநாள் காலை பத்து மணிக்கு ஏகாம்பரம் மூலமாக அந்த நிலம் கைமாறப் போகிறது. மகன் சென்னைக்குப் போய்விட்டான். அத்தையும் விற்றுவிட்டு அவனோடு போவதாக ஏற்பாடு. சாட்சி பத்மினி. அவள் சொன்னதை நம்பித்தான் அத்தை ஒத்துக்கொண்டாள். பஸ்ஸில் வரும்போது மடியிலிருந்த புத்தகத்தைத் திறந்து திறந்து மூடினாள். நான் தப்பாகப் படித்திருந்தால்? சரியாகப் படித்திருந்தால் வேலை போகும், படிப்பும் போகும்.

விடிந்ததும் அத்தை வீட்டுக்குப் போனாள். அந்தக் காலனியில் பட்டா வைத்திருந்த வீடுகளில் எல்லாம் அதை அட்டையில் ஒட்டி, கண்ணாடி போட்டு, பொட்டு வைத்து, சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருப்பார்கள்.

"அத்தே, அந்தப் பட்டாவைக் கொஞ்சம் எறக்கணும்."

"இன்னாத்துக்குமே?"

"பின்னாடி பாக்கணும்."

"பின்னாடி அட்டதான் கீது. உங்க மாமா பசை காய்ச்சி ஒட்டினாரு. கிழிஞ்சிதுன்னு வை, உன் தோலை உரிச்சி அங்க மாட்டுவேன்."

ஈரத்துணியை வைத்து ஓரத்திலிருந்து மெல்ல மெல்ல உரித்தாள். மூச்சுவிடக்கூடப் பயமாக இருந்தது. பாதி எழுத்து அட்டையோடு போனது. மிச்சத்தை எழுத்துக்கூட்டிப் படித்தாள். அதே வரி.

"அத்தே, வித்தா நெலம் சர்க்காருக்குப் போயிடும்னு போட்டுக்கிது."

செல்லியம்மா அந்த வரியை விரலால் தடவிப் பார்த்தாள். வாசலில் வண்டிச் சத்தம். ஏகாம்பரம் முத்திரைத்தாளோடு உள்ளே வந்தார்.

"அட, நீ இங்கயே வந்துட்டியா? போடு கையெழுத்து."

பத்மினி பேனாவை வாங்கவில்லை. "சார்... பின்னாடி..." என்று பட்டாவை நீட்டினாள்.

ஒரு பார்வை பார்த்துவிட்டு அவர் சிரித்தார். "இது எல்லாப் பட்டாவுலயும் கீறதுதான். எனக்குத் தெரியாதா?"

அந்தச் சிரிப்பில்தான் அவளுக்கு உண்மையாகவே பயம் வந்தது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "நான் போட மாட்டேன் சார்" என்றாள். அவளுக்கே சரியாகக் கேட்கவில்லை.

"ஞாயித்துக்கெழம லீவு குடுத்துப் படிக்க வச்சது நானு. எனக்கே ஆப்பு வைக்கறியா?"

செல்லியம்மா பட்டாவைப் பிடுங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். "அவ பயந்துகினே படிச்சா. நீ தெரிஞ்சிகினே சிரிக்கற. கெளம்பு நைனா."

வாசலில் நின்று அவர் திரும்பினார். "நாளையிலேருந்து வராத. ஏற்கெனவே ரெண்டு ஒப்பந்தத்துல உன் கையெழுத்து கீது. அதையும் ஞாபகம் வச்சிக்கோ."

அதற்குப் பிறகு பத்மினி ஜெராக்ஸ் கடையில் தினமும் அரைநாள் நின்று, மூன்று வருஷப் படிப்பை ஐந்து வருஷத்தில் முடித்தாள். இப்போது நாராயணவனத்தில் பத்திரம் எழுதுகிறவரிடம் மதியம்வரை வேலை செய்கிறாள். செல்லியம்மா சென்னைக்குப் போகவில்லை. அந்த நிலத்தில் வேர்க்கடலை போட்டிருக்கிறாள். பத்மினி ஏற்கெனவே சாட்சி போட்ட மற்ற இரண்டு நிலங்களிலும் கம்பிவேலி நிற்கிறது. விற்ற குடும்பங்கள் எங்கே போயின என்று யாருக்கும் தெரியவில்லை. விசாரித்து இதுவரை யாரும் வரவில்லை. சர்க்கார் ஜீப்பைக் கண்டால் பத்மினி இன்றைக்கும் சந்துக்குள் ஒதுங்கிவிடுகிறாள்.